இரண்டு பதாகைகளும் ஒரு முகமும்

கடந்த அக்டோபர், சனிக்கிழமை, மாலை. தாராவியில் எங்கள் குடும்ப வீட்டுக்கு அடுத்த சந்தில், செல்லையா அவர்களின் வீட்டு மாடிக்குச் செல்லும் இரும்பு ஏணியில் ஒரு படி ஒடிந்தது. மாடியில் வாடகைக்கு இருந்த முருகன், நிறைமாத மனைவி பார்வதியைக் கைத்தாங்கலாக இறக்கினார். பின்னர் முருகனும் செல்லையாவும் ஏணியைக் கழற்றி, இருவருமாகத் தூக்கிச் சென்று வெல்டிங் பட்டறையில் விட்டனர். ஏணி திரும்பும்வரை தங்குவதற்காகக் கணவனும் மனைவியும் மான்குர்த்தில் உள்ள பார்வதியின் தாய்வீட்டுக்குச் சென்றனர்.

ஞாயிறு, முற்பகல். செல்லையா ஏணியைப் பிடுங்கிவிட்டு நிறைமாதப் பெண்ணைத் தெருவில் விரட்டிவிட்டார் என்ற செய்தி பரவியது. குடிசைகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்காக மறுநாள் குடியிருப்புக் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. நாக்கா என்று நாங்கள் சொல்லும் தெருமுனையில் கீழ்வீடுகளில் இருப்போரும் மாடிகளில் இருப்போரும் இரு தரப்பாகக் கூடினர்.

ஞாயிறு, நண்பகல். என் தம்பி பட்டறைக்குத் தனியாகச் சென்று பார்த்துத் திரும்பினார். அவர் கூட்டத்தினரிடம் பேசிக்கொண்டிருந்தபோது எறியப்பட்ட கல் அவருடைய நெற்றியில் பட்டது.

புதன், காலை. மருத்துவமனையில் தம்பி காலமானார்.

வியாழன். நல்லடக்கம்.

வெள்ளி. தம்பியின் முகம் அச்சிட்ட இரண்டு பதாகைகள் அதே நாக்காவில் எதிரெதிரே கட்டப்பட்டன.

இவற்றில் எதையும் நான் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. முதலாண்டு நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உறவினரும் நண்பரும் இம்மலரைக் கையில் வாங்கியதும் கேட்கப்போகும் கேள்வியை அறிவேன். அட்டையில் படம் எங்கே? அச்சகத்தாரின் பிழையோ எங்கள் கவனக்குறைவோ அன்று. அந்த இடம் ஏன் வெறுமையாக விடப்பட்டது என்பதைச் சொல்வதே இக்கட்டுரை.

தம்பி தாராவியில் பிறந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த எங்கள் தகப்பனாருக்கு நாங்கள் இரு மக்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தோம். நான் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்து, செம்பூரில் குடியேறினேன். தம்பி பகலில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்து, மாலையில் சட்டம் பயின்று, குர்லா நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். வருமானம் உயர்ந்தபோது துணைவியாரும் மகளும் டோம்பிவிலியில் வீடு பார்த்தார்கள். தம்பி ஒருமுறை உடன் சென்று பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருது, பேச ஆளத்தான் காணோம்" என்று திரும்பிவிட்டார்.

தொண்ணூற்றிரண்டு டிசம்பரிலும் அதையடுத்த ஜனவரியிலும் இந்நகரம் கண்ட கலவரத்தை இங்கு மறுபடியும் விவரிக்கத் தேவையில்லை. அப்போது இளம் வழக்கறிஞராக இருந்த தம்பி, காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் மக்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "நீ பாத்தியா?" பார்த்தவர் மிகச் சிலர். மற்ற எல்லாரும் பிறர் சொல்லக் காதால் கேட்டவர்தாம். அந்தக் கேள்வியிலிருந்து அவர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். எங்கேனும் தீயது நடந்ததாகச் செய்தி வந்தால், இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் ஒன்றாக நடந்து அவ்விடத்துக்குப் போக வேண்டும். ஒன்றாகப் பார்க்க வேண்டும். ஒன்றாகத் திரும்பி வந்து, பார்த்ததைக் கூட்டத்தின் முன் சொல்ல வேண்டும். அவர்கள் திரும்பும்வரை ஒருவரும் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. இவ்வளவே. இதற்கு மேடையோ மாலையோ ஒலிபெருக்கியோ கிடையாது.

ஒருமுறை மாரியம்மன் பால்குட ஊர்வலத்தின்மேல் தோல்கடைப் பக்கமிருந்து கல் விழுந்ததாகச் செய்தி வந்தது. கோயில் கமிட்டிக்காரர் ஒருவரையும் தோல்பை வியாபாரி காதர் பாயையும் தம்பி அனுப்பினார். கூட்டம் கம்புகளோடு காத்திருந்தது. போனவர்கள் சண்டையிட்டுக்கொண்டே திரும்பினார்கள்.

"அண்ணாச்சி, இனிமே இந்த ஆளோட என்னைய அனுப்பாதீங்க. நாக்காவுக்கு நாக்கா நின்னு கட்டிங் சாய் குடிக்காரு" என்றார் கமிட்டிக்காரர்.

"குடிச்சது நான். ரெண்டாவது கிளாஸ் யாரு வயித்துக்குள்ள போச்சு?" என்றார் காதர் பாய்.

"அது கெடக்கட்டும். கல்லு என்னாச்சு?" என்று தம்பி கேட்டார்.

"கல்லாவது மண்ணாவது. லாரி டயருல இருந்து ஜல்லி தெறிச்சிருக்கு. ரெண்டு பேரும் பாத்தோம்."

கூட்டம் சிரித்தது. பிறகு கலைந்தது. அன்று எவரும் யாரையும் மன்னிக்கவில்லை. கட்டித் தழுவிக்கொள்ளவும் இல்லை. அடிக்கவில்லை, அவ்வளவுதான். தம்பி அதை வெற்றி என்றே எண்ணினார். இரு தலைவர்கள் கைகுலுக்கிப் படமெடுத்துக்கொள்ளும் அமைதிக் கூட்டங்களுக்கு அவர் போவதில்லை. ஆட்களை ஏவியவர்களே அந்த மேடைகளில் முன்வரிசையில் அமர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன் என்பார்.

தம்பி இறந்த வாரத்தில் செய்தித்தாள்கள், "இரு கோஷ்டிகளுக்கிடையே நெடுநாள் பகை" என்று எழுதின. அத்தொடரை இம்மலரில் பதிவாகும்படி மறுக்கிறேன். பணிக்காலம் முழுவதும் அரசியல் வன்முறையின் காரணங்களை வகுப்பறையில் விளக்கியவன் நான். வறுமை என்பார்கள். வறுமை மட்டுமே போதுமென்றால் எங்கள் சந்தில் நாள்தோறும் பிணம் விழுந்திருக்க வேண்டும். பழம்பகை என்பார்கள். செல்லையா வீட்டுக் குழாயில்தான் முருகன் வீட்டார் தண்ணீர் பிடித்தார்கள். முருகனின் திருமணத்துக்குச் செல்லையாதான் முன்னின்றார். இடித்துக் கட்டும்போது கீழே இருப்பவருக்கு இங்கேயே வீடு, மாடியில் இருப்பவருக்குத் தொலைவில் எங்கோ, ஒருவேளை எங்குமே இல்லை என்ற பேச்சு கிளம்பிய பிறகே "கீழ்வீட்டார்", "மாடிவீட்டார்" என்ற பெயர்கள் எங்களிடையே பிறந்தன. அதற்கு முன் அவை ஓர் ஏணியின் இரு முனைகளாக மட்டுமே இருந்தன.

அச்சம் உண்மையானது. வீடு போய்விடும் என்று அஞ்சுகிறவனை நான் குறை சொல்லமாட்டேன். யாரிடமும் கேட்காமல் அடைத்த அறையில் முடிவெடுத்து, அம்முடிவை முழுமையாகவும் சொல்லாமல், பாதிச் செய்தியைத் தெருவில் விட்டவர்களைக் குறை சொல்கிறேன். அந்த அச்சத்துக்குப் பக்கத்து வீட்டின் முகவரியை எழுதிக் கொடுத்தவர்களைக் குறை சொல்கிறேன். ஓர் அரசியல் கட்சி மாடிவீட்டாரிடம், கீழே இருப்பவன் உன் வீட்டைத் தின்கிறான் என்றது. மற்றது கீழ்வீட்டாரிடம், மேலே இருப்பவன் உன் வீட்டில் பங்கு கேட்பான் என்றது. வார்டு தேர்தலுக்கு இரு கட்சிகளுக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். கல்லை எறிந்த கைக்கு வழக்கு உண்டு. கல்லுக்கு முன்னதாக எறியப்பட்ட இச்சொற்களுக்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்கு இல்லை.

அந்த ஞாயிறு நான் உடனிருந்தேன். ஆராதனை முடிந்து தம்பி வீட்டில் சாப்பிட அமர்ந்திருந்தோம். சத்தம் கேட்டு நாக்காவுக்குச் சென்றோம். ஏணி இல்லை என்பது உண்மை. பார்வதி வீட்டில் இல்லை என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கு நடுவே ஒரு பொய்யை வைத்து ஒட்டியிருந்தார்கள். செல்லையாவின் சொல்லை எதிர்த்தரப்பு நம்பவில்லை. தம்பி வழக்கப்படி இரு தரப்பிலும் ஓர் ஆள் கேட்டார்.

"அவிய ஆளோட எங்க ஆளு எதுக்கு நடக்கணும்? ஏணியக் கழட்டுனவன் கூடயா?" என்றது ஒரு பக்கம்.

"நாங்க என்ன குத்தவாளியா, கூட்டிட்டுப் போயி காட்டுததுக்கு? இந்த வம்பு லஃப்டாவே வேண்டாம்" என்றது மறுபக்கம்.

நான் வருகிறேன் என்றேன். தம்பி என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "நீயும் நானும் ஒரே வீடுண்ணே. ரெண்டு பேரும் போனாலும் ஒரு ஆளுன்னுதான் கணக்கு."

அப்படிச் சொன்னவர் தனியாகப் போனார். தாம் உண்டாக்கிய வழக்கத்தைத் தாமே மீறினார். காத்திருந்தால் கைகலப்பு தொடங்கிவிடும் என்று கருதினார் போலும். அவர் செய்த ஒரே தவறு அது. அதற்குள் அவரைத் தள்ளியவர்கள் இன்றும் நலமாக இருக்கிறார்கள்.

திரும்பி வந்து உரக்கச் சொன்னார்: "ஏணி பட்டறையில நிக்கி. படி ஒடைஞ்சிருக்கு. செல்லையாவும் முருகனும் சேந்துதான் கொண்டாந்து போட்டாவளாம். பட்டறைக்காரரு சொல்லுதாரு."

கூட்டத்தினுள்ளிருந்து ஒருவன் கேட்டான்: "கூட யாரு பாத்தா? நீங்கதான அண்ணாச்சி சொல்லுவிய, ரெண்டு பேரு பாத்தாத்தான் நெசம்னு?"

சிலர் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். "நீ கேக்கது நியாயந்தான். வா, நீயே எங்கூட வா" என்று கையை நீட்டினார். கை நீட்டியபடி இருக்கும்போதே கல் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று என்னிடம் காவல்துறையும் கேட்டது, கட்சிக்காரர்களும் கேட்டார்கள். நான் தம்பியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லைப் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்வதற்கு நான் அவருடைய அண்ணன் அல்லன்.

புதன்கிழமை, உடல் வீட்டுக்கு வரும் முன்னரே ஒரு கட்சியின் ஆட்கள் வாசலில் நின்றார்கள். "அக்கா, அண்ணாச்சி போட்டோ ஒண்ணு குடுங்க. ஜல்தி வேணும், பேனர் அடிக்கணும்." தம்பியின் துணைவியார் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் மற்றக் கட்சியினர் வந்து அதே சொற்களைச் சொன்னார்கள். கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. ஆயினும் ஏதோ ஒரு திருமணப் படத்திலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டார்கள். வெள்ளியன்று இரண்டு பதாகைகள் எழுந்தன. இந்நகரின் இரங்கல் பதாகைகளை நீங்கள் அறிவீர்கள். நடுவில் மறைந்தவர். மேல்வரிசையில் தலைவர்கள். கீழ்வரிசையில் இளவட்டங்கள். மறைந்தவரைத் தவிர எல்லாரும் புன்னகைப்பார்கள். ஒன்றில் "எங்கள் தியாகி" என்றிருந்தது. மற்றதில் "பழி தீர்ப்போம்" என்றிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் கம்புகளோடு ஒரு கூட்டம். தம்பியின் முகத்தைக் காட்டி அடுத்த உயிரை எடுக்க ஆயத்தமாகியிருந்தார்கள்.

அன்று காலை மான்குர்த்திலிருந்து முருகன் வந்திருந்தார். செல்லையா எங்கள் வீட்டு மூலையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். தம்பியின் துணைவியார் இருவரையும் அழைத்தார்.

"அந்த ஏணி எங்க இருக்கு?"

"பட்டறையிலதான் மைனி. படி வச்சாச்சு" என்றார் செல்லையா.

"ரெண்டு பேருமாத் தூக்கிட்டு நாக்காவுக்கு வாங்க."

செல்லையா முன்னும் முருகன் பின்னுமாக அந்த ஏணி நாக்காவுக்குள் வந்தபோது இரு கூட்டமும் வழிவிட்டன. ஏணியைப் பிடுங்கியதாகச் சொல்லப்பட்டவனும் ஏணியை இழந்ததாகச் சொல்லப்பட்டவனும் அதை ஒன்றாகச் சுமந்து வருவதைக் கண்ட பிறகு, செய்தி பொய் என்று ஒருவரும் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் பதாகையில் ஏணியைச் சாத்தினார்கள். முருகன் ஏறினார், செல்லையா பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இது எங்க பேனரு. கை வைக்கப்படாது" என்றான் ஓர் இளைஞன்.

துணைவியார் தையல் கத்தரியை முருகனிடம் நீட்டியபடியே சொன்னார்: "பேனரு ஒங்களுது, நான் இல்லன்னா சொல்லுதேன்? மூஞ்சி எங்க வீட்டுது. எங்க மூஞ்சிய மட்டும் எடுத்துக்கிடுதோம். ஒங்க தலைவமாரு அங்கனயே சிரிச்சிக்கிட்டு இருக்கட்டும்."

முருகன் முகத்தைச் சுற்றி வெட்டினார். இரண்டாவது பதாகையில் செல்லையா ஏறினார்; முருகன் பிடித்துக்கொண்டார். நடுவில் ஓட்டையும் சுற்றிலும் புன்னகையுமாக இரு பதாகைகளும் எதிரெதிரே தொங்கின. ஓட்டை வழியே வானம் தெரிந்தது. கம்புகளோடு நின்றவர்களில் ஒருவன் முதலில் சிரித்தான். மற்றவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கலைந்தார்கள். அடுத்த வாரத்தில் கட்சியினரே பதாகைகளை அவிழ்த்துக்கொண்டார்கள். வெட்டியெடுத்த இரண்டு முகங்களையும் தம்பியின் கல்லறை மண்ணில் புதைத்தோம்.

அதனால்தான் அட்டையில் படம் இல்லை. எங்கள் கையை விட்டுப் போகும் எந்தப் படமும் மறுபடி ஒரு கம்பத்தில் ஏறிவிடும் என்று துணைவியார் அஞ்சுகிறார். அவ்வச்சத்தை நான் மறுக்க இயலவில்லை. வார்டு தேர்தல் இன்னும் நடக்கவில்லை.

மருத்துவமனையில் இரத்தம் கொடுத்தவர்களுக்கும், அடக்கத்தன்று கடைகளை அடைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியவர்களுக்கு இணங்காமல் தாமாகவே அடைத்தவர்களுக்கும், ஆராதனை நடத்திய போதகருக்கும், வாசலில் வந்து அமர்ந்திருந்த காதர் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. தமிழ் வாசிக்கத் தடுமாறும் தம்பியின் மகள் இக்கட்டுரையை எழுத்துக்கூட்டி வாசித்து, கடுமையாக இருப்பதாக இரண்டு சொற்களை நீக்கச் சொன்னார். ஒன்றை நீக்கினேன்.

செய்து முடிக்க வேண்டியவை:

கல்லை எறிந்தவர் வந்து, தம்மிடம் அந்தப் பொய்யைச் சொன்னவர் யார் என்பதைச் சொல்வது. அவருடைய தண்டனையைவிட இது எங்களுக்குத் தேவை.

கணக்கெடுப்பின் முடிவை, கீழ்வீட்டாரையும் மாடிவீட்டாரையும் ஒரே இடத்தில் அமர்த்தி, ஒரே நேரத்தில், முழுமையாகச் சொல்ல வைப்பது.

செய்தி வரும்போது நடந்து போய்ப் பார்க்க ஆள் தேடுவது. தம்பியின் இடத்துக்கு ஒருவர் போதாது. இருவர் வேண்டும், இரு வீட்டிலிருந்து.

பார்வதியையும் குழந்தையையும் மான்குர்த்திலிருந்து அழைத்து வருவது. ஏணி அதன் இடத்தில் நிற்கிறது.

அட்டையில் தம்பியின் படத்தை அச்சிடுவது.