நான் நின்ற வரிசை

பெர்லின் வாய்த்துடுக்கான நகரம். வழி கேட்டால், கண் தெரியாதா என்று ஏசிவிட்டுத்தான் வழி சொல்வார்கள். இங்கே வந்து நாற்பது ஆண்டு ஆகப்போகிறது, நானும் அப்படியே ஆகிவிட்டேன். அதனால், எங்கள் பகுதி அருங்காட்சியகம் பெர்லின் மதில் பற்றிய கண்காட்சிக்கு என் கதையைக் கேட்டு வாங்கி, பாதியை வெட்டி அனுப்பியபோது நான் சும்மா இருக்கவில்லை.

வெட்டியது இதைத்தான். போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களில் பலர் கிழக்கு பெர்லினில்தான் விமானத்தில் வந்து இறங்கினோம். கிழக்கின் காவலர்கள் முத்திரை குத்தி, மேற்கே போகும் ரயில் மேடைக்கு விட்டார்கள். மேற்கு எங்களைச் சோதிக்கவில்லை. சோதித்தால் அதை எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்களின் வீம்பு. அந்த வீம்பால் எனக்கு ஒரு வாசல் திறந்தது.

ஆனால் சோதனை இல்லாத பயணத்தை நான் அதுவரை கண்டதில்லை. ஊரில் கடைக்குப் போகவும் அடையாள அட்டை நீட்டியவள். மேடையில் ஒரு சன்னலின் முன்னால் வரிசை தெரிந்தது. கடவுச்சீட்டை விரித்துப் பிடித்தபடி நானும் போய் நின்றேன். என் முறை வந்ததும் உள்ளே இருந்த பெண் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்னால் அடுக்கியிருந்த சிகரெட்டுகளைக் காட்டினாள். மேற்கு பெர்லின்காரர் மலிவு என்று ரயிலேறி வந்து வாங்கும் கடை அது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அருங்காட்சியகத்தில் வேலை செய்பவள் வுப்பர்டால் என்ற ஜெர்மன் ஊரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. "அன்ரி, அந்தச் சிகரெட் கதையை விடுவமோ? மதிலில ஆக்கள் செத்திருக்கினம். சனம் சிரிச்சாச் சரியில்லையெண்டு மேலிடம் சொல்லுது."

"அழுறதுக்கு மட்டுமோ என்னைக் கூப்பிட்டனீங்கள்? வரிசையை எடுத்தா என்னையும் எடுங்கோ."

"உங்களை எடுத்தா அங்க தமிழ் ஆக்களே இல்லை, அன்ரி."

அது சுட்டது. இந்த நகரத்தின் கதையில் எங்களுக்கென்று கிடைத்த ஒரே காட்சிப் பலகை அது. ஆனாலும் நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். அழுது வடியும் அகதியாகத் தொங்க எனக்குச் சம்மதமில்லை என்று எழுதி, அவர்கள் அனுப்பியிருந்த ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளை தொலைபேசியில் வந்தாள். "முழுசாப் போடுகினமாம், அன்ரி. இல்லாட்டி அந்தப் பலகையை வெறுமையாத்தான் தொங்கவிடோணுமெண்டு நான் சொன்னனான்."

திறப்பு நாளில் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றேன். வாசித்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். ஊன்றுகோலோடு வந்த ஒரு பெர்லின் கிழவி மட்டும் இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புருஷனுக்குச் சிகரெட் வாங்கத் தானும் அந்த வரிசையில் எத்தனையோ நாள் நின்றதாகவும், முன்னால் யாராவது ஒருவர் வரிசையை நகரவிடாமல் மினக்கெடுத்துவதே வழக்கம் என்றும் முறைப்பாகச் சொன்னாள்.

நானும் அவளுடைய மொழியிலேயே முகத்துக்கு நேரே சொன்னேன்: "மினக்கெடுத்தினது நான்தான். நீங்கள் எனக்குப் பின்னால நிண்டிருப்பீங்கள்."