ஞாயிற்றுக்கிழமை மட்டும் உதறும் கார்

சிஸ்டரம்மா என்றால்தான் தெருவில் தெரியும். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டு நர்ஸாக உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஊரின் மறுகோடியில் அவருடைய அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். போய்ப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். இல்லையென்றால் கணவரின் மனசு இளக வேண்டும். இரண்டில் பஸ்தான் சீக்கிரம் வரும்.

கார் பழசு. ஆனால் ஓடியது சொற்பம். கணவர் புதன்கிழமை மார்க்கெட்டுக்கு எடுத்துப் போவதோடு சரி. மற்ற நாளெல்லாம் போர்வை போர்த்திக்கொண்டு வேலைவெட்டியில்லாமல் நிற்கும். தெருக்காரர்கள் அதற்கு ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

லைசென்ஸ் வாங்கிய பின் ஞாயிறுதோறும் சிஸ்டரம்மாவே அக்கா வீட்டுக்கு ஓட்டிப்போனார். முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு ஞாயிறு, தெருமுனை தாண்டுவதற்குள் கார் உதறத் தொடங்கியது. மிதித்தால் இழுவை இல்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு வேறு மின்னியது. பயந்துபோய்த் திரும்பிவிட்டார்.

“வண்டியில ஏதோ கோளாறுங்க.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இத்தனை வருஷத்துல என் கையில ஒரு தும்மல் போட்டிருக்குமா இது?”

சொன்னபடியே புதன்கிழமை அவர் கையில் அது சமர்த்தாக ஓடியது. மெக்கானிக்கிடமும் காட்டினார். “எஞ்சின் நல்லா இருக்கு சார். ஓட்டுறதுலதான் ஏதோ” என்று மெக்கானிக் சொன்னதை வீட்டுக்கு வந்து ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தார்.

அடுத்த ஞாயிறும் அதே உதறல். சிஸ்டரம்மா சாவியை வைத்துவிட்டார். அக்காவுக்குப் போன் செய்து, முட்டி வலி, வர முடியவில்லை என்று பொய் சொன்னார். காரைக் கெடுத்தது தான்தான் என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். அதுதான் கொடுமை.

ஆனாலும் வார்டுப் பழக்கம் லேசில் போகுமா? காய்ச்சல் என்று வந்தவர்களிடம், எப்போது வருகிறது, எப்போது விடுகிறது என்றுதான் முதலில் கேட்பார். அடுப்படியில் நின்றபடி யோசித்தார். இந்தக் காய்ச்சல் ஞாயிறு வருகிறது, புதன் வருவதில்லை. ஆளைப் பார்த்து வருகிறதா, கிழமையைப் பார்த்து வருகிறதா?

ஞாயிறு காலை மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தார். “நான் தொடமாட்டேன் தம்பி. நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க.”

சாவியைத் திருகியதும் கார் கிடுகிடுவென்று நடுங்கியது. சிஸ்டரம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நோயைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

மெக்கானிக், எஞ்சினுக்குள் பொறி கிளப்பும் பிளக்குகளுக்குக் கரண்ட் போகும் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்றைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் தடுமாற வேண்டும். மூன்றாவதைக் கழற்றியபோது எஞ்சின் கண்டுகொள்ளவேயில்லை; அந்தப் பிளக் ஏற்கெனவே வேலை செய்யாமல்தான் கிடந்திருக்கிறது. நிறுத்திவிட்டு உருவிப் பார்த்தார். பிளக் இருந்த குழிக்குள் தண்ணீர்.

“ரப்பர் உறை வெடிச்சிருக்கு. நின்னே கிடக்குற வண்டியில ரப்பர்தான் முதல்ல போகும். ஆனா தண்ணி எப்படி வந்துச்சு? எஞ்சின் மேல யாரு தண்ணி அடிக்கிறது?”

கணவர் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார். மேகம் ஒன்றும் சொல்லவில்லை.

“நீங்க துணியாலதானே துடைப்பீங்க?” என்றார் சிஸ்டரம்மா.

“நீ ஓட்ட ஆரம்பிச்சதும் தூசி நிறைய ஏறுதேன்னு... வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் பானெட்டையும் திறந்து ஹோஸ் வச்சு...”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஞாயிறு ஓடிய சூட்டிலும் அடுத்த இரண்டு நாளிலும் ஈரம் காய்ந்துவிட, புதன்கிழமை அவருக்கு மட்டும் கார் நல்ல பிள்ளையாகியிருக்கிறது. சிஸ்டரம்மாவுக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, கடைசியில் அழுகையே வந்துவிட்டது. அத்தனை வாரம் சுமந்த பாரம் அது.

“நானும் தப்பா சொல்லிட்டேன் சிஸ்டர்,” என்றார் மெக்கானிக். குழியைக் காயவைத்து, புது பிளக்கும் ரப்பரும் போட்டார். எஞ்சின் சீராக ஓடியது. ஓட்டிப் பார்க்கச் சொல்லி, பழக்கதோஷத்தில் சாவியைக் கணவரிடம் நீட்டினார்.

“அவகிட்ட குடுங்க,” என்றார் கணவர்.

சிஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கணவர் மறுபக்கம் போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

“அக்கா வீட்டுக்குத்தானே? நானும் வரட்டுமா?”

அவர் அனுமதி கேட்டு, தான் பதில் சொல்வது சிஸ்டரம்மாவுக்குப் புதுசு. கொஞ்சம் காக்க வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

“ஏறுங்க. பேசாம வரணும்.”