அத்தான் வண்டியில் ஐம்பத்திரண்டு

கேரளத்து வெள்ளறடையிலிருந்து எல்லை தாண்டி, விலை குறைவென்று தமிழ்நாட்டுப் பெட்ரோல் பம்புக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவர் என் அத்தான். ஸ்கூட்டர் மைலேஜ் குறைந்ததற்கு, "எல்லாம் பெட்ரோல்ல கலக்குற எத்தனாலுக்க வேலையாக்கும்" என்பார்.

"நாப்பதுல போய்ப் பாருங்க அத்தான்."

"போ மக்கா, இது என்ன மாட்டுவண்டியா?"

பந்தயம் கட்டி, போன வாரம் ஸ்கூட்டர்களை மாற்றிக்கொண்டோம். இரண்டும் ஒரே மாடல். இன்று அதே பம்பில் டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தோம். அவர் வண்டியில் எனக்கு லிட்டருக்கு ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். என் வண்டியில் அவருக்கு நாற்பது.

சுடிதாருக்குக் காலர் இருந்தால் தூக்கிவிட்டிருப்பேன்.

அத்தான் மீட்டரையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்க வண்டியத் தா மக்கா. உனக்க வண்டிக்கு மைலேஜே இல்ல, கேட்டியா?"

சாவியைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் அதிலும் மைலேஜ் குறைந்து, ஆக்சிலரேட்டர் முறுக்கும் என் வலது கையையும் கேட்டால் என்ன செய்ய, சொல்லுங்கள்.