நாற்பது நிமிடம் நின்ற சர்வர்

ஆயர் குரோ என்ற சிறு நகரில் ஒரு கடை வரிசையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய வலைச் செயலிகளைப் பராமரிப்பது என் வேலை. அவற்றில் ஒன்று, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் ஒரு மையத்துடையது. யாருக்கு எந்த நாள் முறை, வேன் ஓட்டுநர் யாரை எந்த வீட்டில் ஏற்ற வேண்டும், எல்லாம் அதில்தான் இருந்தது. அதை வலையில் இயக்கும் சர்வர் தனியாக இல்லை, செயலிக்குள்ளேயே பொதிந்திருந்தது. இரண்டும் சேர்ந்த அந்த ஒரே நிரல் நின்றால் மையத்தில் எல்லாமே நின்றுவிடும்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒரு சிறிய பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒருவரின் நாளை மாற்றினால் வேன் பட்டியலில் சில சமயம் பெயர் இரண்டு முறை வந்தது. சோதனைக்கென்று எங்களிடம் செயலியின் வேறொரு பிரதி இருந்தது. அதனுடன் பிழை தேடும் கருவியான டீபக்கரை இணைத்து, பட்டியல் தயாராகும் வரியில் ஒரு பிரேக்பாயின்ட் வைத்தேன். நிரல் அந்த வரிக்கு வந்ததும் அப்படியே உறைந்து நிற்கும். நாம் உள்ளே என்ன இருக்கிறதென்று நிதானமாகப் பார்க்கலாம்.

உடனே நின்றது. திரையில் ஒரு பெயர், ரெம்பியா என்ற ஊரின் முகவரி ஒன்று. சோதனைப் பிரதியில் இருப்பதும் மையத்தின் விவரங்களின் நகல்தான் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். பசித்தது. கீழே மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டு, தே தாரேக் குடித்துவிட்டு வந்தேன். மேலே வந்தபோது எங்கள் போஸ், கம்பெனியின் முதலாளி, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சென்டர்ல எல்லாம் ஜாம் ஆயிருச்சாம். நீ ஏதாச்சும் தொட்டியா?"

அப்போதுதான் இணைப்பின் முகவரியைப் பார்த்தேன். முந்தைய வாரம் வேறொரு கோளாறுக்காக நிஜ சர்வருக்கு மாற்றியிருந்தேன். திருப்பி மாற்ற மறந்துவிட்டேன். சர்வர் நின்று நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினேன், எல்லாம் மறுபடி ஓடத் தொடங்கியது. போஸ் பெருமூச்சு விட்டு, "பரவால்ல லா" என்றார்.

திங்கட்கிழமை மையத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். ரெம்பியாவில் ஒரு நோயாளி ஞாயிறு காலை மூச்சுத்திணறி, ஆம்புலன்ஸிலேயே இறந்துவிட்டார். அவர் கடைசியாகச் சுத்திகரிப்புக்கு வந்தது புதன்கிழமை. ஒரு இயந்திரம் பழுதானதால் அவருடைய வெள்ளிக்கிழமை முறையைச் சனிக்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். சனிக்கிழமை ஓட்டுநரின் போனில் பட்டியல் திறக்கவில்லை. அவர் கையிலிருந்த பழைய தாளைப் பார்த்து வண்டியை எடுத்திருக்கிறார். அதில் இவர் பெயர் இல்லை. பிறகு பட்டியல் திறந்தபோதும் அவர் அதைத் திரும்பப் பார்க்கவில்லை.

திரையில் நான் பார்த்த பெயர் அவருடையதுதான்.

போஸிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இதய நோயும் இருந்துச்சாம் அவருக்கு. நம்மாலன்னு யாரு சொல்ல முடியும்? நெட்வொர்க் ப்ராப்ளம்னு எழுதி அனுப்பு."

எழுதினேன். இரண்டு வரி. அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, திரையில் பார்த்த அந்த ரெம்பியா முகவரிக்குக் காரில் போனேன். வரிசை வீடுகளில் கடைசி வீடு. இறந்தவர் முன்பு தோட்டத்தில் லாரி ஓட்டியவராம். அவர் மனைவி, மையத்தின் ஆள் என்று நினைத்து என்னை உள்ளே உட்காரச் சொன்னார்.

"எட்டு மணிக்கே குளிச்சு சட்டையப் போட்டு உக்காந்துட்டாரு. நான் சென்டருக்கு ரெண்டு தடவ போன் அடிச்சேன். சிஸ்டம் ஜாம், வேன் வரும், வெயிட் பண்ணுங்கன்னாங்க. டாக்சி கூப்புடுவோமான்னு கேட்டேன். வேன் வந்து நம்மளக் காணோம்னா டிரைவர் தேடுவான், பாவம்னாரு. மத்தியானம் கேட்டா, இனிமே இடமில்ல, திங்கக்கிழம வாங்கன்னுட்டாங்க."

"ஆண்டி, அந்த சிஸ்டத்த நிப்பாட்டுனது நான்தான்," என்றேன். "தெரியாம. வேற மெஷின்னு நெனச்சு நிப்பாட்டிட்டு, சாப்பிடப் போயிட்டேன்."



"நெட்வொர்க்குன்னுல்ல சொன்னாங்க?"

"அதுவும் நான் எழுதுனதுதான்."

"தெரியாம நிப்பாட்டுன, சரி. தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு அப்படி எழுதுன?"

அவர் எழுந்து போய் ஒரு பள்ளி நோட்டும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இப்ப சொன்னத எழுது. மலாய்ல எழுது, ஆபீசருங்க படிக்கணும். ஒன் அடையாளக் கார்டு ஐசி நம்பரும் போடு."

எழுதினேன். ஒரு வரியை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டதும் தாளைக் கிழித்து எடுத்து, ஒரு முறை படித்து, மடித்துக்கொண்டார். தண்ணீர்கூடத் தரவில்லை. "போ" என்றார்.

மறுநாள் அதையே மறுபடி எழுதி மையத்துக்கும் அனுப்பினேன். போஸிடமும் சொன்னேன். அவர் கத்தவில்லை. மாத முடிவில் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார். மையத்திலிருந்து, கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது, அவ்வளவுதான். போலீஸும் வரவில்லை, வக்கீல் கடிதமும் வரவில்லை. அந்தத் தாளை ஆண்டி யாரிடம் காட்டினார் என்று எனக்குத் தெரியாது.

இப்போது வேறொரு கம்பெனியில் இதே வேலைதான் செய்கிறேன். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.