மலையேறாத சாமி

இதை எழுத வேண்டும் என்று நினைத்தும் சில வருடங்கள் எழுதாமலே விட்டுவிட்டேன். சாமிக் குத்தம் ஆகிவிடுமோ என்று ஒரு பயம். ஜெயிலுக்குப் போன தகப்பன் என்று மகளின் கல்யாணப் பேச்சில் வந்துவிடுமோ என்று இன்னொரு பயம். மகள் இப்போது புருஷன் வீட்டில் நன்றாக இருக்கிறாள். பூப்போட்டுப் பார்த்ததில் சாமியும் உத்தரவு கொடுத்துவிட்டது. எட்டாவது வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் மனநோயோடு சிறைக்குள் இருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கிராமம். கிணற்றுப் பாசனம், கொஞ்சம் நெல், கொஞ்சம் கடலை. குலதெய்வம் கருப்பர். என் அப்பாதான் சாமியாடி. அவர் காலமான பிறகு சாமி யார் மேல் இறங்கும் என்று பங்காளிகள் காத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. மோட்டார் கொட்டகையில் தனியாக இருக்கும்போது காதுக்குள் ஓர் ஆண்குரல் கேட்டது. முதலில் என் பேரைச் சொன்னது. பிறகு நான் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது. குனிகிறான், சுவிட்சைப் போடுகிறான், பீடி பற்றவைக்கிறான். பெரியப்பாவிடம் சொன்னேன். அவ்வளவு பெரிய மனுசன் என் காலில் விழுந்தார். பங்காளிகள் மாலை போட்டார்கள்.

என் மனைவி பழனியம்மாள் மட்டும் டாக்டரிடம் போகலாம் என்றாள். சாமி இறங்கின உடம்பில் ஊசி குத்தக் கூடாது என்று பெரியப்பா தடுத்துவிட்டார். டவுனில் பிறந்தவளுக்குச் சாமியைப் பற்றி என்ன தெரியும் என்று அவளுக்கு ஏச்சு வேறு.

குரல் மாறத் தொடங்கியது. பக்கத்து வயல் ராசு அண்ணன் என் கிணற்றில் எதையோ கலக்கிவிட்டார் என்றது. ஒரு காலை, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அவரை மண்வெட்டிக் காம்பால் அடித்தேன். தோள் எலும்பு முறிந்தது. போலீஸ் வந்தது. ரிமாண்டில் (வழக்கு முடியும் முன்பே சிறையில் வைப்பது) போட்டார்கள். மாலை போட்டவர்கள் ஒருவரும் ஸ்டேஷன் பக்கம் வரவில்லை.

சிறையில் என்னை இரண்டு விதமாகப் பார்த்தார்கள். கேசுக்காக நடிக்கிறான் என்றார் ஒரு வார்டர். கூட இருந்த கைதிகளோ எல்லாம் நம் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். நான் தனியாகப் பேசுவதைக் கண்டு, கருப்பர் சாமியாடி என்று தெரிந்ததும், குறி கேட்க வந்துவிட்டார்கள். ஜாமீன் எப்போது வரும், சம்சாரம் காத்திருப்பாளா, இவைதான் கேள்விகள். காதில் கேட்டதைச் சொன்னேன். சுவரோரம் நல்ல இடம் ஒதுக்கித் தந்தார்கள். முட்டை போடும் நாளில் இன்னொருவர் முட்டையும் என் தட்டுக்கு வரும்.

வாரம் ஒருமுறை மனநல மருத்துவர் வருவார். சின்ன வயதுப் பெண். தூக்கம் வருகிறதா, குரல் என்ன சொல்கிறது, திட்டுகிறதா என்று நிதானமாகக் கேட்டார். மனச்சிதைவு (இல்லாத குரலையும் இல்லாத பகையையும் உண்மைபோலவே காட்டுகிற நோய்) என்றார். அது கருப்பர் என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் சண்டைக்கு வரவில்லை.

"ஒங்க சாமிய நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஒங்களத் தூங்க வைக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

மாத்திரையைக் கொடுப்பவர் கண்முன்னே விழுங்க வேண்டும். விழுங்காமல் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தவர் சோலைமுத்து, ஆடு திருடிய கேசில் வந்தவர். "முழுங்கிப்புட்டா கருப்பரு தூங்கிப்புடுவாரு சாமி. அப்பறம் எங்க ஜாமீனுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். கேலியில்லை, பயந்துதான் சொன்னார். எனக்கும் பயம்தான். அப்பா சுமந்த சாமி என்னோடு போய்விட்டது என்றால் குலத்துக்கு என்ன சொல்வேன்? துப்பிக்கொண்டே இருந்தேன்.

பிறகு சோற்றில் விஷம் என்றது குரல். முட்டையையும் தொடவில்லை. தண்ணீரும் இறங்கவில்லை. உதடு வெடித்தது. நடிக்கிறான் என்ற வார்டரே பயந்துபோய் டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்த நிலைமையில்தான் பழனியம்மாள் மனு பார்க்க (சிறையில் சொந்தக்காரர்களைச் சந்திப்பதற்கு அந்தப் பேர்தான்) வந்தாள். கம்பிவலைக்கு அங்கிட்டு ஒரு கூட்டம், இங்கிட்டு ஒரு கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். தன்னைப் பார்க்க வந்த தங்கையோடு பேச, சோலைமுத்தும் என் பக்கத்தில் நின்றார்.

நான் சாப்பிடுவதில்லை, மாத்திரையும் உள்ளே போவதாகத் தெரியவில்லை என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தாராம். அவள் அழவில்லை. "ஏங்க, ஒங்கப்பாவுக்குச் சாமி வந்தா, கொட்டு நிக்கவும் மலையேறிடும்ல?" என்றாள். மலையேறுவது என்றால் சாமி உடம்பை விட்டுப் போவது. ஆமாம் என்றேன்.

"அப்பறம் என்ன செய்வாரு?"

"குளிச்சிட்டுச் சாப்புடுவாரு."

"மாட்டுக்குத் தண்ணி காட்டுவாரு. இது ஏறவே மாட்டேங்குதே. எறங்குன ஒடம்பப் பட்டினி போடுற சாமி நம்ம கருப்பரு இல்லீங்க. மாத்திரைய முழுங்குங்க. நம்ம சாமியா இருந்தா மாத்திரைக்குப் பயந்து ஓடிறாது."

நேரம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் மாத்திரை கைக்கு வந்தபோது விழுங்காதே என்றுதான் குரல் கத்தியது. கருப்பரைக் கும்பிட்டுவிட்டு விழுங்கினேன்.

லாக்கப் (சாயங்காலம் எங்களை உள்ளே விட்டுப் பூட்டுவது) போட்டதும் சோலைமுத்து கிட்டே வந்தார். "அக்கா சொன்னதும் ஞாயமாத்தான் இருக்கு. எங்க, வாயத் தொறங்க சாமி. நாக்கத் தூக்குங்க" என்றார். ஒளிக்கச் சொல்லிக்கொடுத்தவருக்குத்தானே ஒளிக்கிற இடம் தெரியும். அன்றிலிருந்து தினமும் பார்த்தார். என் தட்டிலிருந்து முதல் கவளத்தை அவர் தின்று காட்டிய பிறகே நான் சாப்பிட்டேன். "இனிமே ஜாமீன வக்கீலத்தான் கேக்கணும். வெளங்குனாப்லதான்" என்று முணுமுணுப்பார்.

குரல் ஒரே நாளில் போகவில்லை. வயலின் அந்தக் கோடியில் யாரோ பேசுவதுபோலத் தள்ளிப் போனது. ஒருநாள் தொட்டிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது மட்டும்தான் கேட்டது. குளிக்க மறந்து கேட்டுக்கொண்டு நின்றேன்.

மனு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேஸைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். தூங்கினாயா, சாப்பிட்டாயா, மாத்திரை உள்ளே போனதா என்று கேளுங்கள். பழைய வைத்தியச் சீட்டு இருந்தால் சிறை டாக்டர் கைக்குப் போகும்படி பாருங்கள். உள்ளே இருப்பவர் தன் நோயைத் தானே சொல்ல மாட்டார்.

வைத்தியத்தை விடக்கூடாது என்ற கண்டிஷனில் ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. ராசு அண்ணன் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் முடியாது. அவர் வயலில் நிற்கும்போது என் மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வேன். அவர் வேலையை முடித்துப் போன பிறகுதான் எடுப்பேன்.

உடம்பு பழைய உடம்பு இல்லை. சாயங்காலம் லாக்கப் நேரம் வந்தால், எங்கிருந்தாலும் தானாக உட்கார்ந்துகொள்கிறது. கை நடுங்குகிறது, பக்கவிளைவு (மருந்து உடம்பில் வேறு இடத்தில் காட்டும் தொந்தரவு) என்கிறார்கள். போன படையலில் உச்சிவேளைக்குக் கொட்டு முழங்கியபோது என் கையைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா, "சாமி வருது, வழி விடுங்கப்பா" என்றார்.

"அது மாத்திரை நடுக்கம் பெரிய மாமா. நீங்க தள்ளி நில்லுங்க" என்றாள் பழனியம்மாள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சாமி என் சித்தப்பா மகன் மேல் இறங்கியது. கொட்டு நின்றதும் மலையேறியது. அவன் கையால் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். முன்பு அந்தக் குரல் என்னைப் பொழுது விடிவதும் அடைவதும் தெரியாமல் ஒரே இழுப்பாக இழுக்கும். இப்போது எனக்கு ஒருநாள் என்பது ஒரு மாத்திரையிலிருந்து அடுத்த மாத்திரை வரை. அதற்குள் ஒரு வயல் பாய்ந்துவிடும், ஒரு தூக்கம் தூங்கிவிடலாம்.

தேவைப்படும் குடும்பத்துக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது மாற்றாதீர்கள். கருப்பர் காப்பாற்றினார் என்று மட்டும் சொல்லி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மாத்திரைதான் எல்லாம் என்று கருப்பரையும் விட்டுவிடாதீர்கள். நாக்கைத் தூக்கச் சொன்ன ஆடு திருடியவரைச் சேர்த்துச் சொல்லுங்கள். ராசு அண்ணன் தோள் முறிந்ததை விட்டுவிட்டுச் சொன்னால், அது நான் எழுதியது இல்லை.