சொன்ன நேரம் தாண்டி வரும் காபி

நான் விளம்பரப் படம் வரைந்து கொடுக்கும் தி.நகர் ஜவுளிக்கடையில், முதலாளி வரும்வரை காபி கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தேன். மரியாதைக்காகப் போனை சைலண்டில் போட்டிருந்தேன். அந்த நேரத்தில் அடையாறில் உள்ள பள்ளியில் என் மகளுக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. திரும்பத் திரும்ப என்னை அழைத்துவிட்டு, ஆசிரியர்களே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் தேறிவிட்டாள்.

நேற்று கடையில் மறுபடி வரச் சொன்னார்கள். சொன்ன நேரம் தாண்டி இரண்டாவது காபி வந்ததும் எழுந்தேன். அப்போதுதான் முதலாளி நுழைந்தார்.

"என்ன சார், அதுக்குள்ள கிளம்பிட்டீய? வீட்ல உக்காந்து படம் போடுற ஆளு. உங்களுக்கு என்ன ஆபீஸா, மேனேஜரா?"

"இல்ல அண்ணாச்சி. அதான் என் நேரத்த நானே பாத்துக்கணும். உங்களுக்குன்னு ஒதுக்குன நேரம் முடிஞ்சுபோச்சு."

"அட, கோவப்படாதீய. காபி ஆறுது பாருங்க."

"ஆறட்டும். இனிமே பேசணும்னா என் வீட்டுக்கு வாங்க. நானும் காபி தர்றேன். ஆனா காக்க வைக்க மாட்டேன்."

படியிறங்கினேன். இந்தக் கடை போனால் என் வருமானத்தில் பாதி போகும். போகட்டும். பள்ளி விடுவதற்கு நேரமிருந்தது. போய் வாசலில் நின்றேன்.