மழை நாளில் மட்டும் நேரத்துக்கு வந்தவள்

தக்கலை அருகே ஒரு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு நான் பயிற்றுநர். என் வீடு கோட்டாறு. மணியடித்துப் பத்து நிமிடம் கழித்து வந்தால் அரை நாள் ஆப்சென்ட் போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

குலசேகரத்திலிருந்து வந்த ஷைனிதான் அதிகம் மாட்டினாள். வயரிங்கில் வகுப்பிலேயே சுத்தமான கை அவளுடையது. மழை கொட்டும் நாளில் முதல் ஆளாக வந்து நிற்பாள். மற்ற நாளெல்லாம் தாமதம்.

"ஏட்டி, மழையில நேரத்துக்கு வரத் தெரியுது, வெயில்ல முடியாதா ஒனக்கு?" என்று எல்லோர் முன்னும் கேட்டேன். தலைகுனிந்தபடி போய்த் தன் ஒயரை எடுத்தாள்.

வருகை குறைந்ததால் அவளுக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. அதோடு படிப்பை நிறுத்திவிட்டாள்.

சில மாதம் கழித்துக் குலசேகரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். விரலெல்லாம் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது.

"அப்பா படுக்கையில விழுந்த பொறவு நான்தான் டீச்சர் விடியக்காலம் ரப்பர் மரத்துல பால் வெட்டப் போறேன். வெட்டி, பாலெடுத்து ஊத்திட்டுதான் பஸ் ஏறணும். மழைன்னா பால் தண்ணியோட போயிரும், வெட்டு கெடையாது. அன்னைக்கு மட்டும் நேரத்துக்கு வருவேன்."

"ஏன் மக்கா சொல்லல்ல?"

"நீங்க காரணம் கேக்கல்லியே டீச்சர்."

மறுபடி வந்து பரீட்சை எழுதச் சொன்னேன். "இனி முடியாது டீச்சர்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது தாமதமாக வருபவரைத் தனியே அழைத்துக் காரணம் கேட்ட பிறகே வருகைப் பதிவேட்டைத் திறக்கிறேன். வேலைக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகளுக்காக மாலையில் ஒரு மணி நேரம் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து வைக்கிறேன்.

ஷைனியின் பழைய பதிவேடு என் அலமாரியில்தான் இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு ஆப்சென்ட்டும் மழை பெய்யாத நாள். எல்லாம் என் கையெழுத்து.